பிடரியும் மிடறும்

மக்கள் யாக்கையின் உறுப்புக்களுள் கழுத்தைப்போல் இத்துணைச் சிறிய இடத்தில் இத்துணைப் பெரிய அலுவல்களை ஏற்று நிற்பது பிறிதொன்றில்லை எனலாம். மூச்சு இவ்வழியே செல்கின்றது. உணவு இவ்வழியே இறங்குகின்றது. குரல் இங்கே பிறக்கின்றது. மூளைக்கு ஏறும் குருதியும், மூளையினின்று கை கால்களுக்கு இறங்கும் கட்டளைகளும் இக்குறுகிய வாயிலைக் கடந்தே செல்லல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் தூணாய் நிற்பன ஏழே சிற்றெலும்புகள். மரத்தின் உச்சித் தழையை எட்டித் தின்னும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தெலும்பு ஏழே என்று உயிர்நூலார் கூறுவர். நம் கழுத்தின் ஏழும் ஏறக்குறைய 5 கிலோகிராம் எடையுள்ள தலையைப் பகல் முழுதும் சுமக்கின்றன. சுமப்பது தெரியாமற் சுமத்தலே அவற்றின் பெருமை. அச்சுமை நமக்குத் தெரியத் தொடங்கும் நாளே நோய் தொடங்கும் நாளாகும்.

அங்ஙனம் சுமை தெரிந்த நாள்கள் சில எமக்கும் வாய்த்தன. அக்காலத்து யாம் இல்லத்திலிருந்தவாறே செய்துகொண்டவை இவை, செய்யாது விடுத்தவை இவை, இல்லத்தின் எல்லையைக் கடந்து வைத்தியரை நாடிய இடம் இஃது என்று வரைந்து வைப்பின், எம்மைப்போல் ஏட்டின்மேற் குனிந்தும் உரக்கப் பேசியும் வாழ்வோர்க்குச் சிறிது பிரயோசனப்படும் என்று கருதி இதனை எழுதத் துணிந்தோம். யாம் வைத்தியர் அல்லேம்; தமிழ் கற்பிக்கும் தொழிலினேம். ஆதலின் நோயைப் பற்றி எண்ணத் தொடங்கியபோதும் சொற்களினின்றே தொடங்கினோம்.

நம் மொழியிலே கழுத்து என்பது பொதுப்பெயர். அதன் பின்புறம் பிடரி. முன்புறத்தே உணவும் நீரும் இறங்கும் வழி மிடறு. ஒருமுறை விழுங்கும் நீரின் அளவையும் ‘ஒரு மிடறு’ என்கின்றோம். ஒலி பிறக்கும் இடம் குரல்வளை. அதன் கீழே இரு தோளெலும்புகளும் கூடும் பள்ளம் தொண்டைக்குழி. இத்துணைப் பெயர்கள் இருப்பவும், நோயுற்றவர் வைத்தியர்முன் அமர்ந்து, “கழுத்தெல்லாம் என்னவோபோல் இருக்கிறது” என்று கூறி அமைகின்றனர். ‘என்னவோ’ என்பதற்கு மருந்து இல்லை. அமெரிக்காவினின்று 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் என்னும் வைத்தியர், பின்னர் மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழிற் கொணர்ந்தார். நோயாளியின் நாவில் வழங்கும் சொல் வைத்தியரின் செவியிற் பொருள்படுதல் வேண்டும் என்பதை அவர் உழைப்பு நமக்கு உணர்த்துகின்றது. வலி பிடரியிலா, மிடற்றிலா, குரல்வளையிலா என்று பிரித்தறிதலே சிகிச்சையின் முதற்படி என்க.

நிற்க. 2022-ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களிலே பருவத்தேர்வு விடைத்தாள்கள் எம் மேசைக்கு வந்தன. நாள் ஒன்றுக்கு நாற்பது தாள்களேனும் பார்த்து முடித்தல் வேண்டியிருந்தது. முதல் வாரத்திற் பிடரியில் ஓர் இறுக்கம் தோன்றியது. இரவிலே துயின்றெழின் தணிந்தது. இரண்டாம் வாரத்தில் துயின்றெழுந்தும் தணியவில்லை. அதே நாள்களில் மிடற்றில் ஓர் உருண்டை நிற்பதுபோன்ற உணர்ச்சியும் உடன் வந்தது. விழுங்கினால் இறங்குவதில்லை, செருமினால் வெளிவருவதில்லை. வகுப்பில் இரண்டு மணி நேரம் பேசியபின் குரல் கம்மியது. திங்கள் முடிவதற்குள் வலப்புறம் திரும்பி நோக்குதற்கு உடல் முழுவதையும் திருப்பவேண்டிய நிலைமை எய்தினோம்.

இவ்விரண்டும் ஒருங்கு வந்தமையால் எம் இல்லத்தில் உண்டான கலக்கம் நோயினும் பெரிதாயிருந்தது. அதற்குக் காரணம் உண்டு. எம் தமக்கையாரின் கணவர், யாம் அத்தான் என்று அழைத்து அன்பு பாராட்டியவர், வெற்றிலையும் புகையிலையும் வாயினின்று நீக்காத வழக்கமுடையவர். 2011-ஆம் ஆண்டு ஆவணியில் அவர்க்குக் குரல் கம்மியது. மிளகும் பனங்கற்கண்டும், தேனும் துளசியும் மாறி மாறி உண்டு தைத் திங்கள் வரை வீட்டிலேயே கழித்தார். வைத்தியர் குரல்வளையை நோக்கிய நாளிலே புற்று அதனைக் கடந்து பரவியிருந்தது. மறு ஆண்டு அவர் எம்மைப் பிரிந்தார். ஆதலின் எம் இல்லத்தில் ஒருவர் செருமினால் மற்றவர் முகம் வாடுதல் இயற்கையாயிற்று. எமக்கோ குரலே பிழைப்பு. அது போயின் ஊதியமும் போம். அதனினும் பெரிதாய், நாற்பது பேர் முன்னின்று ஒரு பாட்டுக்கு உரை சொல்லும் இன்பமும் போம்.

திருக்குறளில் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 950, வைத்தியத்துக்கு நான்கு கூறுகளை வகுக்கின்றது: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பணிபுரிவோர். வீட்டு வைத்தியத்தின் இடுக்கண் யாதெனின், இந்நான்கனுள் மூன்றும் ஒருவரே ஆகிவிடுதல்தான். நோயுற்றவரே நோயை நிச்சயிக்கின்றார். அவரே மருந்தைத் தேர்கின்றார். அது பயன்பட்டதா என்று தீர்ப்புக் கூறுபவரும் அவரே. அச்சமுடையவர் சிறிதைப் பெரிதாக்குவர்; நாணமும் வேலைப்பளுவும் உடையவர் பெரிதைச் சிறிதாக்குவர். எம் அத்தானுக்கு நேர்ந்தது இதுவேயாம். அவரைச் சுற்றி அன்புடையார் பலர் இருந்தனர்; ஆயினும் ‘இன்றோடு எத்துணை நாள்?’ என்று எண்ணுவோர் ஒருவரும் இலர்.

ஆதலின் எம் இல்லத்தில் அப்பொறுப்புக்களைப் பகிர்ந்துகொண்டோம். மருந்தும் உணவும் எம் அன்னையாரைச் சார்ந்தன. பக்கத்திருந்து நோக்கும் தொழிலை எம் இல்லாள் ஏற்றார். அவர் பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து, எந்நேரம், எவ்வேலை, என்ன உணவு, பிடரி வலி 10-க்கு எத்துணை, மிடற்றின் உணர்ச்சி உண்டா இல்லையா என்று ஐந்து பத்திகள் வரைந்து, காலை மாலை இருவேளையும் எம்மை வினவி எழுதி வந்தார். நோயாளியாக இருத்தல் ஒன்றே எம் கடமையாயிற்று. வைத்தியரின் இருக்கை வெறுமையாயிருந்ததன்றோ? அவ்விருக்கையில் ஒரு பட்டியலை வைத்தோம். யாம் தெளிந்திருந்தபொழுதே எழுதி, சமையலறைக் கதவின் பின்புறம் ஒட்டிவைத்த பட்டியல் அது. அதிற் கண்ட குறி ஒன்று தோன்றினும் வீட்டு வைத்தியம் அன்றோடு நிற்கும். அதன்மேல் வாதம் இல்லை என்று மூவரும் உடன்பட்டோம்.

அப்பட்டியலின் முதற்பகுதி, உடனே ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டிய குறிகள். காய்ச்சலும் தலைவலியும் கூடி, மோவாயை மார்பின்மேற் படும்படி குனிய இயலாது கழுத்து விறைத்து, ஒளியைக் கண் பொறாதிருத்தல். இது மூளையுறையின் அழற்சியாக இருக்கலாம். தொண்டை நோவுடன் வாய் திறவாமை, வாய்நீரை விழுங்க இயலாமை, நாவின் கீழும் மோவாயின் கீழும் வீக்கம், மூச்சிலே இரைச்சல் ஆகியவை. ஜெர்மானிய வைத்தியராகிய லுட்விக் 1836-ஆம் ஆண்டில் எழுதிவைத்த வாய்த்தள வீக்கம் இவ்வகையதே. அது சில மணி நேரத்தில் மூச்சை அடைத்துவிட வல்லது. விழுந்ததன் பின்னாவது கழுத்தைச் சட்டெனத் திருப்பியதன் பின்னாவது முன்னறியாத கடுவலி தோன்றித் தலைசுற்றலும் நாக்குழறலும் சேர்தல். கைவிரல்கள் தடுமாறிச் சட்டைப் பித்தானை இட இயலாமை, நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க மாட்டாமை. இவை தண்டுவடம் நெரிபடுவதன் அடையாளங்கள்.

இவற்றோடு இன்னுமொன்று சேர்த்தோம். அதனைப் பலர் அறியார். நடக்கும்போதும் படியேறும்போதும் மிடற்றிலோ தாடையிலோ நெரிப்புத் தோன்றி, நின்றால் தணியுமாயின், அது கழுத்து நோயன்று, இருதய நோய். வில்லியம் ஹெபர்டன் என்னும் வைத்தியர் 1768-ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் கழகத்தில் இந்நோயை விரித்துரைத்தபோது அதற்கு அஞ்ஜைனா என்று பெயரிட்டார். நெரித்தல் என்பது அச்சொல்லின் பொருள். அதுவரை அது தொண்டை நோய்க்கே வழங்கியது. ஓய்விலும் நீங்காது வியர்வையோடு வருமாயின் ஒரு கணமும் தாழ்த்தலாகாது.

இரண்டாம் பகுதி, சில நாள்களுக்குள் வைத்தியரைக் காணவேண்டிய குறிகள். மூன்று வாரம் கடந்தும் தெளியாத குரற்கம்மல், கழுத்திற் கைக்குத் தட்டுப்படும் கட்டி, உணவு தடைபட்டு, முன்னர்ச் சோறும் பின்னர்க் கஞ்சியும் இறங்காமை, காரணமின்றி உடல் மெலிதல், ஒருபக்கத்துக் காதில் மட்டும் ஓயா நோவு, உமிழ்நீரிற் குருதி, கழுத்தினின்று கைக்கு இறங்கும் மரமரப்பு அல்லது வலுக்குறைவு. சிறுவர்க்காயின் காய்ச்சலுடன் கூடிய தொண்டை நோவையும் சேர்த்தல் வேண்டும். பெரும்பாலான தொண்டை நோவுகள் வைரஸ் கிருமியால் வந்து ஒரு வாரத்திற் போவன. அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து பயன்படாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வருவதோ, சிகிச்சையின்றி விடப்படின், சிறுவரது இருதயத்தைக் கெடுக்கும் வாதக் காய்ச்சலுக்கு வித்தாகலாம்.

இனி, வீட்டிற் செய்தவற்றைக் கூறுவாம். பிடரிக்கு முதல் மருந்து வெம்மை. அன்னையார் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, தம் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்தபின் 15 நிமிடம் ஒத்தடம் கொடுத்தார். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்க்கு இவ்வாறு சூடு பார்த்தல் இன்றியமையாதது; அவர் தோல் வெந்தபின்னரே அறிவர். “ஐயா, தலையிலே நீர் கோத்துத்தான் பிடரியிலே இறங்கியிருக்கிறது” என்பது அன்னையாரின் நிச்சயம். ஆதலின் நொச்சித்தழையைப் போட்டு வேது பிடிக்கவும் செய்தார். நீர்க்கோவையின் உண்மை எவ்வாறாயினும், அவ்வெம்மையும், கண்மூடி அமர்ந்திருந்த அப்பத்து நிமிட ஓய்வும் இறுகிய தசைக்கு இதமாயிருந்தன என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது மருந்து மேசையை மாற்றியது. 2014-ஆம் ஆண்டில் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்னும் முதுகெலும்பு வைத்தியர் வெளியிட்ட கணக்கின்படி, நேரே நிமிர்ந்த நிலையில் 5 கிலோகிராம் அளவினதாகிய தலையின் சுமை, 60 பாகை குனியும்பொழுது கழுத்தெலும்பின்மேல் ஏறக்குறைய 27 கிலோகிராம் ஆகின்றது. இது கணிதத்தால் வகுத்த மதிப்பேயாயினும், குனிந்த தலை கனக்கும் என்பதை உணர்தற்குப் போதியது. எம் பாட்டனார் கணக்கெழுதிய சாய்மேசை ஒன்று பரணிற் கிடந்தது. அதனை இறக்கித் துடைத்து அதன்மேல் விடைத்தாள்களை வைத்தோம். முன்னோர் தரையில் அமர்ந்து எழுதினும் ஏட்டைக் கண்ணுக்கு உயர்த்திக்கொண்டனர். நாமோ நாற்காலியில் அமர்ந்தும் கண்ணை ஏட்டுக்குத் தாழ்த்துகின்றோம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடத்தல், இரண்டு தலையணைகளை ஒன்றாக்குதல், குப்புறப் படுத்தலை ஒழித்தல் என்பனவும் உடன் செய்யப்பட்டன.

மூன்றாவது பயிற்சி. மோவாயை மேலும் கீழும் ஆட்டாமல் நேரே பின்னோக்கி இழுத்து, ஐந்து எண்ணும் அளவு நிறுத்தி விடுதல். தோட்பட்டைகளைப் பின்னே ஒன்றையொன்று அணுகச் செய்தல். உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதவாறு மெல்ல எதிர்த்துத் தள்ளுதல். ஒவ்வொன்றும் பத்து முறை. வலியை மிகுவிக்கும் பயிற்சியை அன்றே நிறுத்தல் முறை. வலி மிக்க இரவுகளில் பாராசிட்டமால் மாத்திரை உட்கொண்டோம்; நலமுடைய பெரியவர்க்கும் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேற்படின் அது கல்லீரலைக் கெடுக்கும்.

செய்யாது விடுத்தவற்றையும் கூறல் வேண்டும். முடிதிருத்தும் கடையில் தலையைப் பற்றித் திருகிச் சொடக்கு எடுத்தல் நம் நாட்டில் ஒரு சிறப்புபசாரமாக வழங்குகின்றது. கழுத்தெலும்புகளின் துளைகளூடே மூளைக்கு ஏறும் குருதிக்குழல்கள் இரண்டு உள. சட்டெனத் திருகுவதால் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருதல் அரிதாயினும் நிகழ்வதே. ஆதலின் அதனை மறுத்தோம். நண்பர் ஒருவர் கழுத்துப்பட்டை கொணர்ந்தார். நெடுநாள் அணியின் தசைகள் தம் தொழிலை மறந்து மெலியும் என்பதனால், வைத்தியர் கூறாமல் அதனை அணியோம் என்று வைத்தோம். தொக்கம் எடுப்பார் ஒருவரைப் பற்றி அண்டை வீட்டார் புகழ்ந்து கூறினர். தொண்டையில் தங்கிய பொருளை உறிஞ்சி எடுத்துக் காட்டுவாராம். எம் மிடற்றில் தங்கியது பொருளா, உணர்ச்சியா என்பதே தெளியாதபொழுது, எடுத்துக் காட்டப்படுவது எதுவென்று யாம் நம்புவது?

மிடற்றுக்கு வருவோம். ஒரு குவளை வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளித்தல் காலை மாலை நிகழ்ந்தது. அன்னையார் அதிமதுரம் தந்தார்; சுவைத்திருக்க இதமானதே. எனினும் அதிமதுரத்தை அளவு மிஞ்சி நெடுநாள் உண்பின் குருதியழுத்தம் உயரும். ஆதலின் அழுத்த நோயுடைய அன்னையார் தாம் அதனைத் தொடாது எமக்கும் சிறிதே தந்தார். இவற்றினும் பயன் தந்தது வேறொன்று. முன் கூறிய மருந்து அதிகாரத்தில் 942 முதல் 947 வரையுள்ள ஆறு குறள்களும் உண்ணும் முறையைப் பற்றியனவே. மருந்தென்று பெயரிட்ட அதிகாரத்திற் பெரும்பகுதி சோற்றைப் பேசுகின்றது. விடைத்தாள் நாள்களில் எம் இராவுணவு பத்துமணிக்கு, உண்டவுடன் படுக்கை. எம் இல்லாள் அதனை ஏழரைக்கு முற்படுத்தினார். கட்டிலின் தலைப்புறக் கால்களின் கீழ் ஒருசாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக மரக்கட்டைகள் இட்டார். இரைப்பையின் புளிப்புநீர் படுக்கையில் மேலேறி மிடற்றைச் சுடுதலை எதுக்களித்தல் என்கின்றோம். நெஞ்செரிவு தோன்றாமலும் அது நிகழலாம். செருமுதலை அடக்கி, செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு மிடறு நீர் பருகும் பழக்கத்தையும் மேற்கொண்டோம். என்னை? ஒவ்வொரு செருமலும் குரல்நாண்களை ஒன்றோடொன்று மோதச் செய்து, மீண்டும் செருமும் வேட்கையை விளைவிக்கும்.

மூன்று வாரம் கழிந்தபின் நாட்குறிப்பை விரித்து மூவரும் அமர்ந்தோம். தனித்தனி நாள்களில் தெரியாத செய்தி, நாள்களை வரிசையாக நோக்கியபொழுது தெரிந்தது. மிடற்றின் உருண்டை மாலையில் மிகுந்தது. விடைத்தாள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிற் குறைந்தது. உணவு உண்ணும்போது ஒருநாளேனும் தோன்றியதில்லை. சோறும் நீரும் தடையின்றி இறங்கின. இராவுணவை முற்படுத்திய பின்னர் மெல்லத் தணிந்தும் வந்தது. குரற்கம்மலும் ஓய்ந்த நாள்களிற் தெளிந்தது. பிடரியின் பத்தியோ வேறு கதை சொல்லியது. 4 என்று தொடங்கியது 5 ஆகி, 6 ஆகி, மார்கழி பிறந்தபோது 7 ஆயிற்று. அதன்கீழே, எம் இல்லாளின் கையெழுத்தில், “இரவு இரண்டு மணி, வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் மரமரப்பு, எழுந்து கையை உதறினார்” என்று ஒரு குறிப்பு. அதற்கு மறுநாளும் அதுவே. மூன்றாம் நாள், “கரும்பலகையருகே சுண்ணக்கோல் கைநழுவியதாகக் கூறினார்” என்றிருந்தது.

அன்னையார் இன்னும் ஒரு வாரம் ஒத்தடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று எண்ணினார். தாய்மை உள்ளத்துக்கு அஃது இயல்பே. எம் இல்லாள் ஒன்றும் பேசாது கதவின் பின்புறத்தைச் சுட்டினார். கைக்கு இறங்கும் மரமரப்பு அங்கே எழுதப்பட்டிருந்தது. அன்னையார் அதனை ஒருமுறை நோக்கி, “எழுதினது எழுதினதுதான், நாளைக்கே போய் வாருங்கள்” என்றார். ஒருவர் மனமும் நோவாது அவ்விவாதம் முடிந்தது. பட்டியல் இல்லையாயின், அன்பும் அச்சமும் வழக்காடி மற்றொரு தைத் திங்கள் வந்திருக்கும் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

வைத்தியர் நாட்குறிப்பைப் பொறுமையுடன் படித்தார். கையின் வலுவையும் முழங்கையருகே சுத்தியலால் தட்டி நரம்பின் எதிர்வினையையும் சோதித்தார். ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் இடையிலுள்ள தட்டு சிறிது புடைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் செல்லும் ஆறாம் நரம்பின் வேரை உறுத்துகின்றது என்பது முடிவாயிற்று. “எக்ஸ்ரே படத்தைக் கண்டு கலங்கவேண்டா, வலியே இல்லாதவர் கழுத்திலும் அகவை ஏற ஏற இத்தகைய தேய்வு காணப்படும். படத்துக்கு அன்று, உமக்கே சிகிச்சை” என்று அவர் கூறிய சொல் மறக்கற்பாலதன்று. தொண்டையின் முன்புறத்தையும் அழுத்திப் பார்த்தார். காய்ச்சலுக்குப்பின் தைராய்டு சுரப்பி அழன்று, விழுங்கும்போது நொந்து, காதுவரை பரவும் ஒரு நோய் உண்டு என்றும், 1904-ஆம் ஆண்டில் அதனை விரித்தெழுதிய டி குவெர்வேன் பெயரால் அது வழங்குகின்றது என்றும், அஃது எமக்கில்லை என்றும் விளக்கினார்.

பின்னர்த் தொண்டை வைத்தியர் மூக்கின் வழியே மெல்லிய உள்நோக்குக் குழலைச் செலுத்திக் குரல்வளையை நோக்கினார். இரண்டு நிமிடத்தில் முடிந்த அச்சோதனை எமக்கு நெடும்பொழுதாகத் தோன்றியது. அத்தான் அமர்ந்த நாற்காலியும் இதுபோன்றதே அன்றோ என்ற எண்ணமே மனத்தை நிறைத்திருந்தது. கட்டியில்லை, புண்ணில்லை, பின்புறத்தே சிறிது சிவந்திருக்கின்றது, கழுத்தின் முன்தசைகள் இறுகியிருக்கின்றன என்றார். பருப்பொருள் ஒன்றுமின்றி உருண்டை தோன்றும் இவ்வுணர்ச்சியை முன்னாள் மேல்நாட்டு வைத்தியர் பெண்டிரின் மனக்கலக்கத்தால் வருவதெனக் கருதி ஹிஸ்டீரியாவோடு சேர்த்துப் பெயரிட்டனர். 1968-ஆம் ஆண்டில் மால்கம்சன் என்னும் வைத்தியர், இதனையுடையார் பலர்க்கு அத்தகைய மனநோய் இன்மையைக் கண்டு, மிடற்று உருண்டை என்னும் கருத்துடைய வேறு பெயரை வழங்கினார். உண்ணும்போது மறைதல் அதன் குணம். உண்ணும்போது தடுத்தல் வேறு நோயின் குணம். எம் இல்லாள் எழுதிய அந்த ஒரு பத்தி வைத்தியர்க்குப் பெரிதும் உதவியது என்பதை அவரே கூறினார்.

சிகிச்சை பெரிதும் வீட்டிலேயே நடந்தது. ஒத்தடமும் சாய்மேசையும் தொடர்ந்தன. இயன்முறைச் சிகிச்சையாளர் எம் பயிற்சிகளுள் ஒன்றைத் திருத்தி, இரண்டினைச் சேர்த்தார். ஆறு வாரத்தில் மரமரப்பு நீங்கியது. பங்குனியில் பிடரியின் பத்தி 2-க்கு இறங்கியது. முற்றும் நீங்கிற்றென்று கூறோம். ஒவ்வொரு தேர்வுப் பருவத்திலும் அது தன் இருப்பை நினைவூட்டுகின்றது. குரலோ தெளிவாகவே உள்ளது. வீட்டில் முன்னர்ச் செய்தவற்றுக்கும் பின்னர்ச் செய்தவற்றுக்கும் பெரிய வேற்றுமை இல்லையே, வைத்தியரிடம் சென்றதன் பயன் என்னை என்று வினவுவார் உளர். வேற்றுமை செயலில் இல்லை, அறிவில் உண்டு. இன்னதென்று அறியாது கொடுக்கும் ஒத்தடம் நம்பிக்கை. இன்னதென்று அறிந்து கொடுக்கும் ஒத்தடம் சிகிச்சை.

குரல்நாணில் தோன்றும் புற்று, தொடக்கத்திலேயே குரலைக் கம்மச் செய்து தன்னைக் காட்டிக்கொடுப்பது; அப்பொழுதே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தத் தக்கது. தம் உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றிற் புற்றுநோய்க்கென ஒரு நிலையம் கண்டார். அம்மையார்க்கு வாய்க்காத காலம் நமக்கு வாய்த்திருக்கின்றது. நாற்காலியில் அமர்ந்தபடியே இரண்டு நிமிடத்திற் குரல்வளையைக் கண்டுவிடலாம். அந்த இரண்டு நிமிடத்துக்கு அஞ்சி ஐந்து திங்களைக் கழித்தலே கொடுமை.

மாணவ நண்பர்காள்! நும் கழுத்து இளையது. ஆயினும் கைப்பேசியை மடியில் வைத்துக் குனிந்திருக்கும் நுமக்கும் யாம் கூறிய சுமைக் கணக்குப் பொருந்தும். அதனைக் கண்ணுக்கு நேரே உயர்த்துமின். அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து தொலைவை நோக்குமின். விடுமுறையில் ஊர்க்குச் செல்லுங்கால், தந்தையோ பாட்டியோ செருமக் கேட்பின், “எத்துணை நாளாக?” என்று வினவி, விடையை ஓரிடத்து எழுதி வைம்மின். மூன்று வாரம் கடந்ததாயின் கைப்பற்றி அழைத்துச் செல்லுமின். ‘ஒன்றுமில்லை’ என்று அவர் கூறுவர். அச்சொல்லை நம்பாதிருத்தலும் ஒருவகை அன்பே. நம் இல்லங்கள் நோயைப் பேணும் இடங்களாகுக. நோயை மறைக்கும் இடங்களாகாதொழிக.